டிரைவர் டைட்டா இருந்தாரு

அடிவாரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில், நெற்றித் தையலின் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்த ரஞ்சிதத்தின் முகத்துக்கு நேரே ஒருவன் செல்போனை நீட்டினான். சட்டைக் காலரில் சின்னதாக ஒரு மைக் குத்தியிருந்தான். உள்ளூர்ச் செய்தி போடும் யூடியூப் சேனல்காரன்.

"நீங்க முன்சீட்டுல இருந்தீங்களாம்மா? டிரைவர் எப்படி இருந்தாரு?"

"டிரைவரு பாவங்க. கெளம்பசொல்லவே ரொம்ப டைட்டா இருந்தாரு."

அவன் கேட்டதும் அவ்வளவுதான், அவள் சொன்னதும் அவ்வளவுதான். அதற்குள் நர்ஸ் வந்து அவனை விரட்டிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. 'பாவங்க' என்ற சொல்லை வெட்டி எறிந்திருந்தார்கள். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி ஓடியது: குடிபோதையில் ஜீப் ஓட்டிய டிரைவர், உயிர் தப்பிய பெண் பகீர் தகவல்.

இங்கே அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நடந்தது அத்தனையும் அதன் மேல்தான் நிற்கிறது.

டைட் என்ற சொல் மலைமேல் ஏறியது ஜீப்போடுதான். முதலில் அது நட்டுக்கும் போல்ட்டுக்கும் மட்டும் சொந்தமாக இருந்தது. ஸ்பேனரைப் போட்டு இதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் முறுக்கினால் டைட். அங்கிருந்து அது தையல்காரரிடம் போனது. கை தூக்க முடியாத ஜாக்கெட் டைட். பிறகு கைக்காசுக்குப் போனது. செலவுக்குப் பணமில்லை என்றால் இந்த மாசம் டைட். மூச்சுவிட நேரமில்லை என்றால் வேலை டைட். கவனித்தால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: இனி இடமில்லை. குடிகாரனுக்கும் அந்தக் கணக்கில்தான் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். கழுத்துவரை நிரம்பிவிட்டான், இனி ஒரு மடக்குக்கு இடமில்லை, அதனால் அவனும் டைட்.

இதில் வேடிக்கை, நம்முடைய இலக்கணமே அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் பிரித்துக் கொடுத்ததுதான். 'டைட்டா இருந்துச்சு' என்று அஃறிணையில் முடித்தால் சட்டையோ திருகாணியோ ஜீப்போ, யாருக்கும் கெடுதல் இல்லை. 'டைட்டா இருந்தாரு' என்று உயர்திணையில் முடித்தால் அந்த ஆள் குடித்திருந்தார். சமவெளியில் இதற்கு விலக்கே கிடையாது. மலைமேல், புதூர்நாட்டுப் பக்கத்தில் உண்டு. பஸ் எப்போதாவது வருகிற ஊர்களில், ஜீப்பில் முன்னால் நாலைந்து பேர் அடைந்து உட்காரும்போது யாராவது சொல்வார்கள், "டிரைவரு டைட்டா கீறாரு, கொஞ்சம் நவுந்து குந்து." ஓட்டுகிறவருக்குக் கை கால் அசைக்க இடமில்லை என்று அர்த்தம். மனிதர் மேல் உள்ள மரியாதையில்தான் அந்த 'ஆரு' விகுதி வந்து ஒட்டுகிறது. ரஞ்சிதம் சொன்னதும் அதுதான். மரியாதையாகச் சொன்னாள். மரியாதை இல்லாமல் 'டைட்டா இருந்துச்சு' என்று சொல்லியிருந்தால் டிரைவர் தனசேகரன் தப்பித்திருப்பான்.

ரஞ்சிதத்திடம் இருந்தது பொத்தான் போன். தான் என்ன செய்திருக்கிறோம் என்பது, ஜீப் பள்ளத்தில் உருண்டதில் விழுந்த சாவுகள் முடிந்து ஊர் கொஞ்சம் அடங்கிய பிறகு, குடிநீர்க் குழாயடியில்தான் அவளுக்குத் தெரிந்தது.

டிரைவர் தனசேகரனின் மனைவி ஈஸ்வரி குடத்தோடு வந்து வரிசையில் நின்றாள். இடுப்பெலும்பு முறிந்து கீழே ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடக்கும் புருஷனைப் பார்த்துவிட்டுக் காலையில்தான் திரும்பியிருந்தாள். வரிசையில் முன்னால் நின்ற ஜெயம்மாள் தன் குடத்தைக் குறுக்கே வைத்தாள்.

"உன் வூட்டுக்காரன் ஊத்திக்கினதுல மிச்சம் இருந்தா அதப் போயி புடிச்சிக்க. இங்க தண்ணி இல்ல."

"அவரு ஊத்திக்கினத நீ பாத்தியா அக்கா?"

"நான் பாக்கல. அதோ நிக்கிறாளே ரஞ்சிதம், அவ பாத்தா. அவ சொல்லி ஒலகமே பாத்துச்சு."

"நானா?" என்றாள் ரஞ்சிதம். "நான் இன்னா சொன்னேன்?"

ஜெயம்மாள் ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்து ஓடவிட்டாள். ரஞ்சிதம் தன் குரலைத் தானே கேட்டாள். அது வேறு யாரோ பேசுவதுபோல் மெலிசாக இருந்தது.

"டைட்டா இருந்தாருன்னுதான சொன்னேன்!"

"அதத்தான்டி நாங்களும் சொல்றோம்."

குழாயடியில் நின்ற அத்தனை பேருமே ஜீப்பில் போய் வருகிறவர்கள்தான். டைட்டின் இன்னொரு அர்த்தம் அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் சிவப்பு எழுத்து ஒரு அர்த்தத்தை முடிவுகட்டிவிட்டால் மனசு இன்னொன்றைத் தேடிப் போவதில்லை. அதுவும் செத்தவர்களில் ஒருத்தி பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண்ணாக இருக்கும்போது, குடித்தவனால் செத்தாள் என்பது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாக இருந்தது. தனசேகரன் கல்யாணத்துக்கு முன்னால் குடித்தவன் என்பதும் எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது.

ஈஸ்வரி ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தாள். "நீ பக்கத்துலதான இருந்த? வாசனை வந்துச்சா? சொல்லு."

ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். அதில்லை, இடந்தான் இல்லை என்று ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

செத்தவர்கள் இரண்டு பேர். பின்சீட்டின் ஓரத்தில் இருந்த பெரியவர் கோபால்சாமி ஒருவர். பின்படியில் நின்றிருந்த பூஜா மற்றவள். பூஜா ரஞ்சிதத்தின் அண்ணன் சுரேஷின் ஒரே மகள். ரஞ்சிதத்துக்குப் பிள்ளை இல்லை. புருஷன் காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகத்துப் பக்கம் போனால் மாசக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் துணைக்குப் படுக்க வருகிறவள் பூஜாதான். அவளை எரித்த இடத்தில் நின்று சுரேஷ் ஊர் கேட்கச் சொல்லியிருந்தான்: "தனசேகரன் காலு இந்த மண்ணுல படட்டும். அப்பறம் நானாச்சு, ஜெயிலாச்சு."

சுரேஷ் சும்மா சொல்கிறவன் இல்லை. ஊருக்கும் அது தெரியும்.

விபத்து நடந்த அன்றைக்குச் சந்தை. பஸ் வரவில்லை. ஜீப் சொந்தக்காரர் விஜயராஜ் இரண்டு நடை விடச் சம்மதிக்கவில்லை. "டீசல் இன்னா மரத்துலயா காய்க்குது? ஒரே நடையில எறக்கிடு" என்று போனில் அவர் கத்தியது முன்னால் நின்ற எல்லாருக்கும் கேட்டது. தனசேகரன் முகம் சுருங்கியது. ஆனாலும் ஏற்றினான். பின்னால் உட்கார்ந்தவர்கள், மடிமேல் உட்கார்ந்தவர்கள், படியில் தொங்கியவர்கள் என்று வண்டி புளிமூட்டை மாதிரி ஆனது. முன்னால் டிரைவரின் வலது பக்கம் கதவோரமாக ஒரு ஆள் பாதி வெளியே இருந்தான். இடது பக்கம் மூன்று பேர். அந்த மூன்றில், கியருக்குப் பக்கத்தில் முதலில் உட்கார்ந்திருந்தது பூஜா.

"நீ சின்னப் பொண்ணு, பின்னாடி போயி நில்லு. எனக்கு வளைவுல வாந்தி வரும்" என்று அவளை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தது ரஞ்சிதம்.

பூஜா சிரித்துக்கொண்டே இறங்கினாள். "வாந்தி எடுத்தா டிரைவர் மாமா மேல எடு அத்தை. நல்லா தூங்காம ஓட்டுவாரு."

மலைப்பாதையில் ஒரு ஜீப் எப்படி இறங்குகிறது என்பது தெரிந்தால்தான் மீதி புரியும். ஏறுவதற்கு இஞ்சின் வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். இறங்குவதற்கும் இஞ்சின்தான் வேண்டும். கியரைக் குறைத்துப் போட்டால் சக்கரம் இஞ்சினைச் சுற்றவைக்கப் பார்க்கும், இஞ்சின் அத்தனை வேகமாகச் சுற்ற மறுக்கும், அந்த மறுப்புதான் வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக் என்பது அதற்கு மேல் ஒரு ஒத்தாசை. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் உராய்ந்து உராய்ந்து உள்ளே இருப்பதெல்லாம் காய்ந்துபோகும். காய்ந்த பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் அது வழுக்கும், பிடிக்காது.

செங்குத்தான வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வரவேண்டும். மூன்றாவது, கியர்க் குச்சி முன்னால் சாய்ந்திருக்கும் நிலை. அதை நடுவுக்கு இழுத்து, அங்கிருந்து இடப்பக்கம் தள்ளி, பின்னுக்கு இழுத்தால் இரண்டாவது விழும். நம் ஊர் வண்டியில் டிரைவர் வலப்பக்கம் இருப்பதால், அந்த 'இடப்பக்கம், பின்னுக்கு' என்கிற இடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வலது முழங்காலுக்கு நேராக வரும். ஒல்லியான பெண்ணாக இருந்தால் காலை ஒதுக்கிக்கொள்ளலாம். ரஞ்சிதம் நல்ல கனமான உடம்புக்காரி. அவளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே தனசேகரன் சொன்னான், "அக்கா, கியரு போட எடமில்ல. பின்னாடி போய்டேன்."

"வாந்தி வரும்பா. நான் ஒதுங்கிக்கிறேன், நீ ஓட்டு."

அந்த வளைவுக்கு முன்னால் அவன் குச்சியை மூன்றாவதிலிருந்து உருவினான். இடப்பக்கம் தள்ளினான். அது அவள் முழங்காலில் வந்து முட்டியது. "கால எடுக்கா!" என்றான். எடுத்தாள், அந்தப் பக்கம் இருந்தவர்களின் கனம் காலை மறுபடி அங்கேயே கொண்டுவந்து வைத்தது. "கால எடுக்கா, கால எடு!" இரண்டாவது முறை அது கத்தலாக இருந்தது. எந்தக் கியரிலும் இல்லாத ஜீப் உருளத் தொடங்கியது. இஞ்சின் சத்தம் குறைந்து, காற்றின் சத்தம் கூடியது. தனசேகரன் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். கருகிய வாசனை வந்தது. ஈஸ்வரி கேட்ட வாசனை அந்த ஒன்றுதான்.

முன்னால் இருந்த மற்றவர்கள் கத்தலைக் கேட்டார்களே தவிர, யார் முட்டி எங்கே தடுத்தது என்று பார்க்கவில்லை. இதை முழுதாக அறிந்தவர்கள் உயிரோடு இரண்டே பேர். ஒருவன் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. குடித்தவன் பேச்சு என்பார்கள். ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு வர மாசமாகும். அதுவும் பள்ளத்திலிருந்து தூக்கிக் கீழே கொண்டுபோய் வெகுநேரம் கழித்து எடுத்த ரத்தம். அதில் இல்லை என்று வந்தாலும், ஓட்டும்போது இல்லை என்று ஆகாது. விஜயராஜோ அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். டிரைவர் குடித்திருந்தால், அத்தனை பேரை ஏற்றச் சொன்னது யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டு நாள் ரஞ்சிதம் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள், ஈஸ்வரி வீட்டுக் கூரைமேல் யாரோ கல் எறிந்தார்கள் என்று கேள்விப்பட்டதும் எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

சுரேஷ் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அண்ணி ராணியம்மாள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அண்ணே. தனசேகரன் குடிக்கல."

"நீதான சொன்ன?"

"நெருக்கிக்கினு இருந்தாருன்னு சொன்னேன். கியரு போட வுடாம நெருக்கிக்கினு இருந்தோம். ரெண்டாவது கியரு வுழல. அதான் வண்டி நிக்கல."

சுரேஷும் ஒரு காலத்தில் ஜீப் ஓட்டியவன்தான். அவன் இடது கை தரையில் இருந்தது; அது மெல்ல முன்னாலிருந்து நடுவுக்கு வந்து, இடப்பக்கம் நகர்ந்து, பின்னுக்கு இழுத்தது. அங்கேயே நின்றது.

"அந்த எடத்துல யாரு குந்தினு இருந்தது?"

"நான்."

"பின்னாடி போவச் சொன்னானா?"

"சொன்னாரு. நான் போவல."

உள்ளே ராணியம்மாள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"பூஜா ஏன் படியில நின்னா? அவ மொதல்லயே போய் எடம் புடிக்கிறவளாச்சே."

ரஞ்சிதத்துக்குப் பொய் சொல்ல அப்போது ஒரு வழி இருந்தது. "முன்னாடிதான் இருந்தா. நான்தான் எழுப்பிவுட்டேன். எனக்கு வாந்தி வரும்னு."

சுரேஷ் எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்தபோது தோளில் துண்டு இருந்தது. "காலைல பஸ்சு வந்தா ஸ்டேஷனுக்குப் போலாம். நானும் வர்றேன்" என்றான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஒரு பெண். அவசரக்காரி, ஆனால் காது கொடுத்துக் கேட்பவள்.

"அப்ப ஏம்மா டைட்டுன்னு சொன்ன?"

"நாங்க அப்படித்தாங்க சொல்வோம்."

"நாங்கன்னா யாரு?"

"ஜீப்புல போறவங்க."

எஸ்.ஐ. பேனாவை மேஜையில் தட்டினாள். "இப்ப நீ சொல்றத நான் எழுதணும். கோர்ட்டுல வக்கீல் படிப்பான். அதனால அந்த வார்த்தையே வராம தமிழ்ல சொல்லு. டிரைவர் எப்படி இருந்தாரு?"

ரஞ்சிதம் யோசித்தாள். "நெருக்கமா இருந்தாருங்க."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பக்கென்று சிரித்துவிட்டார். "யாரோடம்மா? இன்னொரு கேசு ஆயிடப் போவுது."

எஸ்.ஐ. அவரை முறைத்தாள். "வேற மாதிரி சொல்லு."

"இறுக்கமா இருந்தாரு."

"அப்படின்னா உர்ருன்னு இருந்தாருன்னு ஆயிடும். பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வண்டி எடுத்தாரு, கோவத்துல வுட்டாருன்னு சொல்வான்."

ஒரு மனிதனுக்கு இடம் இல்லாமல் போனதை அந்த மனிதனை எழுவாயாக வைத்துச் சொல்லச் சரியான சொல் கிடைக்கவில்லை. இறுக்கம், நெருக்கம், அடைசல் எல்லாம் வண்டிக்குப் பொருந்தின. தனசேகரன்மேல் வைத்தவுடன் ஒவ்வொன்றும் அவனுக்கே ஒரு குற்றமாக மாறியது. அவனை எழுவாயிலிருந்து எடுக்கவேண்டும். எடுத்தால் அந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்காரவேண்டும். ரஞ்சிதத்துக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் அது புரிந்தது.

"நான் கியர்மேல குந்தினு இருந்தேங்க" என்றாள். "அவரு கியரு போடசொல்ல என் முட்டி தடுத்துச்சு. கால எடுன்னு கத்துனாரு. என்னால எடுக்க முடியல. முன்னாடியே பின்னால போவச் சொன்னாரு. நான் போவல. அவருமேல சாராய வாசனை எதுவும் இல்ல."

ஏட்டு சிரிப்பை விட்டு எழுதினார். எஸ்.ஐ. படித்துக் காட்டினாள். விஜயராஜ் போனில் பேசியதையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"குடிச்ச கேசு இதனால மட்டும் போயிடாது. லேப் ரிப்போர்ட் வரணும். ஆனா இது கூடவே நிக்கும். அத்தன பேர ஏத்தினது தப்பு, அது டிரைவர வுடாது. ஓனரையும் வுடாது." கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தணித்தாள். "வெளிய பெஞ்சுல குந்தினு கீறாரே, அது யாரு?"

"எங்கண்ணன். செத்துப்போன பொண்ணோட அப்பா."

எஸ்.ஐ. தாளை அவள் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட இடம் காட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் சுரேஷ் முன்னால் போய் நின்றுகொண்டான். உட்கார இடம் இருந்தது. ஊர் வந்ததும் அவளுக்காக நிற்காமல் நேராக ஈஸ்வரியின் வீட்டுக்குப் போனான். அவனைக் கண்டதும் ஈஸ்வரி கதவைச் சாத்தப் போனாள். அவன் தூரத்திலேயே நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"உன் வூட்டுக்காரரு குடிக்கலம்மா. ஊர்க்கவுண்டர் வூட்டுல இப்பவே போய்ச் சொல்லிடறேன். இனிமே எவனாவது கல்லு வுட்டா எங்கிட்ட சொல்லு. கருமாதிக்கு வா."

ஈஸ்வரி அப்படியே வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ரஞ்சிதம் பாதையோரம் காத்திருந்தாள். அவன் திரும்பி வந்தபோது வழியில் வந்து நின்றாள். "அண்ணே. கருமாதிக்கு அத்தை முறைக்கு நான் இன்னா எடுத்துக்கினு வரணும்?"

"நீ வரவேணாம்."

"அண்ணே..."

"நான் ஒன்னும் சொல்லல. நெசத்த சொன்ன பாரு, அதுக்கு உன்ன ஒன்னும் சொல்லல. ஆனா நீ வந்து குந்துனா ராணி உன் மூஞ்சியப் பாக்க மாட்டா. உன் முட்டியத்தான் பாப்பா. நானும் அதத்தான் பாக்குறேன், பஸ்சுல ஏறுனதுலேர்ந்து." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போ. வூட்டுக்குப் போ."

அவன் ஊர்க்கவுண்டர் வீட்டுப் பக்கம் நடந்தான். ரஞ்சிதம் அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஈஸ்வரியின் அழுகை ஓய்ந்தது. பிறகு அந்த வீட்டுக்குள்ளிருந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் வரத் தொடங்கியது.